சேலத்துக் களிமண்ணில் புல்தரை: முதல் குழியிலிருந்து முதல் வெட்டு வரை

எங்கள் வீட்டு முன்புறம் ஆயிரம் சதுர அடி. கன்னங்குறிச்சிப் பக்கம், ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். வீடு கட்டி முடித்த கையோடு ஒரு நர்சரிக்காரரைக் கூப்பிட்டேன். இரண்டு லோடு செம்மண் கொட்டி நிரவினார், சதுரம் சதுரமாகப் புல் அடுக்கினார், மூன்றே நாளில் பச்சைக் கம்பளம் விரித்தது போல் ஆக்கிவிட்டுப் போனார். புரட்டாசி வரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசியில் காலை வைத்தால் சதக் சதக்கென்று உள்ளே போனது. கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வைக்கப் போன என் மனைவி ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பாயைச் சுருட்டுவது போலப் புல் சுருண்டு கையோடு வந்தது. அடியில் கறுத்த வேர், சாக்கடை நாற்றம்.

நர்சரிக்காரர் மேல் பாதித் தப்பு, அவசரப்பட்ட என் மேல் பாதி. அடுத்த முறை சித்திரையில் மண்ணைத் தொட்டு ஆடியில்தான் புல் ஊன்றினேன். அந்த மூன்று மாதத்தில் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கணக்கெல்லாம் ஆயிரம் சதுர அடிக்கு. உங்கள் இடத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது களிமண்தானா?

சேலம் மாவட்டத்தில் பெரும்பகுதி செம்மண். அதனால் களிமண் என்று நினைத்துக்கொண்டு வேலையில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பொதுவாக ஏரி ஓரத்திலும், பழைய வயலைப் பிளாட் போட்ட இடத்திலும்தான் களி அதிகம். ஆங்காங்கே கரிசலும் உண்டு. ஒரே தெருவில் என் வீட்டில் களி, நான்கு வீடு தள்ளிச் செம்மண்.

ஒரு பிடி மண்ணை எடுத்து ஈரப்படுத்திப் பிசையுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி நசுக்கித் தள்ளுங்கள். ஒரு அங்குலம் வருவதற்குள் உடைந்தால் கவலை இல்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டு தொங்கினால் அசல் களிமண். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். எல்லாம் தெளிந்த பிறகு அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்தால் எது எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான சோதனை குழிச் சோதனை. ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் வடிகால் எதுவும் வேண்டாம். அரை அங்குலம் என்றால் சரிவும் எருவும் சரிசெய்துவிடும். கால் அங்குலத்துக்கும் கீழே என்றால் மண்ணுக்கடியில் குழாய் போட்டே ஆக வேண்டும். என் குழியில் மறுநாள் சாயங்காலமும் தண்ணீர் நின்றது. அதில் ஒரு தவளையும் இருந்தது.

மண் பரிசோதனை

இதைத் தவிர்க்காதீர்கள். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ சந்தியூரில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் கொடுத்துப் பார்க்கலாம். நான்கைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழத்துக்கு ‘வி’ வடிவத்தில் வெட்டி, பக்கவாட்டிலிருந்து சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ கொடுத்தால் போதும். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். மண் நன்றாக இருந்து தண்ணீரே மண்ணைக் கெடுக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய.

பரிசோதனை முடிவில் பார்க்க வேண்டியது கார அமில நிலை (pH). 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. எட்டு இருந்தாலும் அருகம்புல் தாங்கும். 8.5-ஐத் தாண்டினால் சோடியம் ஏறிய களர் மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மண்ணுக்கு ஜிப்சம் வேண்டும்.

ஜிப்சம் பற்றி ஒரு வார்த்தை. ‘களிமண் என்றால் ஜிப்சம் போடு’ என்று கடையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சோடியம் ஏறிய களியில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சேறாகிவிடும். ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் சோடியத்தை இடம் பெயர்த்து, துகள்களை மணிமணியாகச் சேர்க்கும். பெயர்ந்த சோடியத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போக வேண்டும். போக வழி இல்லையென்றால் ஜிப்சம் வீண். சோடியமே இல்லாத சாதாரணக் களியில் அதனால் பெரிய பிரயோஜனம் கிடையாது. தேவை என்று முடிவு வந்தால் ஆயிரம் சதுர அடிக்கு ஐம்பது கிலோ மூட்டை ஒன்று, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு டன் கணக்கு, தொடக்கத்துக்குச் சரியான அளவு.

கருப்பூர்ப் பக்கம், வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்கல் என்பது மக்னீசியம் கார்பனேட். அந்த வட்டாரத்து மண்ணில் மக்னீசியம் தூக்கலாக இருந்து கால்சியம் குறைந்தால், மண் இறுகித் தண்ணீர் இறங்காது. அங்கே சுண்ணாம்பு என்று சொல்லி டோலமைட் தூள் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். டோலமைட்டிலும் மக்னீசியம் இருக்கிறது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அது. மண்ணில் கிடக்கிற வெள்ளைக் கட்டி சுக்கான்கல்லா (சுண்ணாம்புக் கட்டி) வெள்ளைக்கல்லா என்று தெரிய வேண்டுமானால் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். சுக்கான்கல் பொங்கி நுரைக்கும், வெள்ளைக்கல் பேசாமல் இருக்கும்.

எப்போது தொடங்குவது

சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்வார்கள். களிமண் புல்தரைக்கும் அது பொருந்தும். சித்திரை, வைகாசியில் மண் வேலை, ஆனியில் ஆறப்போடுதல், ஆடியில் நடவு. ஆடியில் வெயிலும் காற்றும் மண்ணை அளவோடு உலர்த்தும், நடுநடுவே மழையும் கிடைக்கும். ஐப்பசி கனமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டரை மாதம் கிடைக்கிறது. ஐப்பசியில் புதுப் புல் வைப்பதை விடப் பணத்தை உண்டியலில் போடலாம். மாசிக்குப் பிறகு வைத்தால் வேர் இறங்குவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும்.

கட்டட வேலை விட்டுப்போனதை அகற்றுதல்

புது வீடு என்றால் மேல்மண்ணுக்குக் கீழே கொத்தனார் விட்டுப்போன இன்னொரு உலகம் இருக்கும். செங்கல் உடைசல், சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, சாக்குத் துணி, கம்பி. கலவை போட்ட இடத்தில் சிமெண்ட் பால் இறங்கி ஒரு பலகை மாதிரி இறுகியிருக்கும். அந்த இடத்தில் புல் எந்தக் காலத்திலும் மஞ்சளாகத்தான் நிற்கும். முழுவதையும் ஒரு அடிக்குக் கிளறி, கையில் அகப்படுவதையெல்லாம் பொறுக்கி, கலவை போட்ட இடத்து மண்ணை மட்டும் வெட்டி வெளியே கொட்டிவிடுங்கள். எங்கள் ஆயிரம் சதுர அடியில் இருபது பாண்டுக்கு மேல் கிடைத்தது.

தண்ணீருக்கு முதலில் வழி

களிமண்ணில் புல் சாவது தாகத்தால் அல்ல, மூச்சு முட்டித்தான். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்குக் காற்று கிடையாது. அதனால் தண்ணீர் எங்கே போகும் என்று தீர்மானிக்காமல் ஒரு கூடை எரு கூட வாங்காதீர்கள்.

முதலில் சரிவு. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறங்கட்டும். கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும், தண்ணீருக்கு அது போதும். மேஸ்திரியிடம் இருக்கிற லெவல் ட்யூப்பை ஒரு நாள் இரவல் வாங்கி, முளைக்குச்சி அடித்து, நூல் கட்டிப் பார்த்துவிடுங்கள். கண்மட்டத்தை நம்பாதீர்கள். முடிவில் வரும் மண்மட்டம் நடைபாதையைவிட ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும், வீட்டின் பேஸ்மெண்ட் மட்டத்தைவிட அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். எருவும் மண்ணும் சேர்ந்து மட்டம் ஏறும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழிச் சோதனையில் தோற்றவர்களுக்கு அடுத்த வேலை வடிகால். சரிவின் திசையில், பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். அடியிலும் பக்கத்திலும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டு, துளையிட்ட நான்கு அங்குல பிவிசி குழாயைத் துளை கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். மேலே ஜல்லி, அதன் மேல் துணியை மடித்து மூடி, கடைசி ஆறு அங்குலத்துக்கு எரு கலந்த மண். துணி இல்லாமல் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் களி ஜல்லிக்குள் புகுந்து குழாய் அடைத்துவிடும். துணியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

குழாய் எங்கே போய் முடியும்? நிறையப் பேர் மழைநீர் சேகரிப்புக் குழியில் விடுகிறார்கள். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதனால் குழி இருக்கும். ஆனால் அந்தக் குழி களி அடுக்கைத் தாண்டி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கடிக் குழி முழுக்கக் களிக்குள்ளேயே இருந்தால் அது சேகரிப்புக் குழி இல்லை, கொசு வளர்க்கிற தொட்டி. எங்கள் குழியில் ஆகர் (மண் துளைக்கிற கருவி) போட்டு ஏழடி வரை துளைத்த பிறகுதான் மொரமொரப்பான கப்பி மண் வந்தது, தண்ணீர் கடகடவென்று இறங்கியது. பக்கத்துப் பிளாட்டில் மட்டும் தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள். புல் வளர்வதற்குள் பகை வளர்ந்துவிடும்.

பதம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். களிமண்ணை ஈரத்தில் தொட்டால் செங்கல், காய்ந்தபின் தொட்டால் பாறை. நடுவில் சில நாள்தான் அது மண்ணாக இருக்கும். அந்தச் சில நாளைப் பிடிப்பதுதான் வேலை.

ஈரக் களியை வெட்டினால் மண்வெட்டித் தகடு பட்ட இடமெல்லாம் பளபளவென்று மெழுகிவிடும். துளை எல்லாம் அடைபட்டு, காய்ந்ததும் அது ஓடாகிவிடும். ரோட்டவேட்டர் ஓட்டினால் இன்னும் மோசம். மேலே பொலபொலவென்று தெரியும், கத்தி தொட்ட ஆழத்தில் சிமெண்ட் தளம் மாதிரி ஓர் அடுக்கு உருவாகியிருக்கும்.

பதம் பார்ப்பது சுலபம். நான்கு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். சொத்தென்று அப்படியே உட்கார்ந்தால் ஈரம் அதிகம். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது. விழுந்து பொலபொலவென்று உதிர்ந்தால் அன்றைக்கே ஆள் வைத்து முடித்துவிடுங்கள். எனக்கு வேலைக்கு வந்த பெரியவர் காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது இன்னும் அல்வாவா இருக்குது கண்ணு. ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடு, வர்றேன்” என்று மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு நாள் கூலி போகிறதே என்று நினைக்காத மனிதர். “இருங்கய்யா, காப்பியாவது குடிச்சுட்டுப் போங்க” என்று நான்தான் நிறுத்தினேன். அவர் சொன்ன இரண்டு நாளில் மண் கேக் மாதிரி உடைந்தது.

வைகாசியில் ஒரு கோடை மழைக்குப் பிறகு மூன்று நான்கு நாளில் பதம் வரும். மழையே இல்லையென்றால் நீங்களே தண்ணீர் விட்டு ஊறவைத்து, அதே மூன்று நான்கு நாள் காத்திருங்கள். எட்டு ஒன்பது அங்குல ஆழத்துக்குக் கடப்பாரையாலோ நான்கு பல் கொத்தாலோ புரட்டிப் போடுங்கள். கட்டியை உடைக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயில் உலர்த்தி, மழை நனைத்து, மறுபடி வெயில் காயவைத்து, கட்டிகள் தானாகவே வெடித்து உதிரும். ஜிப்சம் போடுவதானால் இந்தச் சமயம் தூவிவிடுங்கள். லோடு லாரியையும் ஜேசிபியையும் புரட்டிய மண் மேல் ஏறவிடாதீர்கள். ஏறிய இடத்தை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

எதைக் கலப்பது, எதைக் கலக்கவே கூடாது

களிமண்ணில் மணல் கலந்தால் இளகும் என்பது எல்லோர் வாயிலும் வரும் யோசனை. கணக்குப் போட்டுப் பாருங்கள். களியின் குணம் மாற வேண்டுமானால் ஒரு பங்கு களிக்கு மூன்று பங்கு மணலாவது வேண்டும். ஆயிரம் சதுர அடியில் ஆறு அங்குலக் களி என்பது 500 கன அடி, அதாவது ஐந்து யூனிட். அதற்குப் பதினைந்து யூனிட் மணல். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், புல்தரை ஒன்றரை அடி உயர்ந்து ஜன்னலை எட்டிப் பார்க்கும். அதைவிடக் குறைவாகக் கலந்தால் மணல் துகள்களுக்கு நடுவில் களி புகுந்து சிமெண்ட் கலவை மாதிரி இறுகும். எம்-சாண்ட் இன்னும் மோசம், அதில் கல்தூள் அதிகம்.

மேலே செம்மண் கொட்டுவதும் இதே வகை. களியைக் கிளறாமல் மூன்று அங்குலம் செம்மண் பரப்பினால் இரண்டு மண்ணும் சேராது. மழைத்தண்ணீர் செம்மண்ணில் இறங்கி, களி மேல் தட்டில் ஊற்றியது போல நிற்கும். வேர் அந்தக் கோட்டைத் தாண்டாது. நான் பாயாகச் சுருட்டியது அதைத்தான். மட்டம் உயர்த்தச் செம்மண் வேண்டியே ஆக வேண்டும் என்றால் முதல் பாதியைக் களியோடு நன்றாகக் கலந்துவிட்டு, மீதியை மேலே போடுங்கள். ‘தோட்ட மண்’ என்று கறுப்பாக ஒன்று விற்பார்கள். கையில் எடுத்து நாடா சோதனை செய்யுங்கள். பல சமயம் அது ஏரி வண்டலாக இருக்கும். செம்மண் காட்டுக்கு அது அமிர்தம். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை விலைக்கு வாங்குவானேன்?

களிக்கு மருந்து மக்கிய எருதான். இரண்டு அங்குலப் பருமனுக்குப் பரப்பி, மேல் ஆறு அங்குல மண்ணோடு கலக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு 167 கன அடி, ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட். நான் மூன்றில் இரண்டு பங்கு தொழு உரமும், ஒரு பங்கு மக்கிய தேங்காய் நார்க்கழிவும் போட்டேன். தொழு உரம் ஒரு வருஷமாவது மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாண வாசனை இல்லாமல் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். நார்க்கழிவு மக்காததாக இருந்தால் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், சில லோடுகளில் உப்பும் இருக்கும். கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள். சர்க்கரை ஆலைக் கழிவில் செய்த உரமும் நல்லது, நன்றாக ஆறி மக்கியிருந்தால்.

நம் ஊருக்கே உரிய ஒரு சபலம் மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. சேகோ (ஜவ்வரிசி) ஆலைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சையாகக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். மாவுச்சத்து புளித்து, களிக்குள் மிச்சமிருக்கும் காற்றையும் குடித்துவிடும். நாற்றத்துக்குத் தெருவே திரளும். மாட்டுக்குக் கொடுத்துச் சாணமாக வந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

எருவோடு வேப்பம் புண்ணாக்கு பதினைந்து கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஐந்து கிலோ. புண்ணாக்கு கரையானையும் வேர்ப்புழுவையும் ஓரளவு தள்ளி வைக்கும். கலக்கும் நாளிலும் உருண்டைச் சோதனை உண்டு, மறந்துவிடாதீர்கள்.

கோரைக்கு ஒரு மாதம்

எல்லாம் கலந்து நிரவிய பிறகு உடனே புல் வைக்கக் கை பரபரக்கும். வைக்காதீர்கள். தண்ணீர் விட்டு மூன்று நான்கு வாரம் சும்மா விடுங்கள். இரண்டு காரணம். ஒன்று, மண் உட்கார்ந்து பள்ளம் மேடு தெரியும். இன்னொன்று கோரை. களிமண்ணில் கோரைக் கிழங்கு சங்கிலி சங்கிலியாக இருக்கும். மேலே பிடுங்கினால் கீழே விட்ட கிழங்கிலிருந்து இரண்டாக வரும். முளைத்து நான்கு இலை விட்டதும், மண் பதமாக இருக்கும்போது, களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு சுற்று. இந்த ஒரு மாதத்தில் எடுக்காத கோரையைப் புல்லுக்குள் தேடிப் பல வருஷம் எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் பல் வாரியால் மேலே சீவி, பள்ளத்தை அதே கலவையால் நிரப்பி, லேசான ரோலரைக் காய்ந்த பதத்தில் ஒரே ஒரு முறை உருட்டுங்கள். நடந்தால் கால்தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது.

எந்தப் புல்

களி, வெயில், உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீர் மூன்றும் உள்ள இடத்துக்கு அருகு இனத்தை விட்டால் வேறு நல்ல புல் இல்லை. நாட்டு அருகு முரட்டுத்தனமாக ஓடும். நர்சரியில் பெர்முடா என்று கேட்டால் கிடைக்கும் நுண்ணிலை அருகு பார்வைக்கும் நன்றாக இருக்கும், மிதியும் தாங்கும். நாள் முழுக்க நிழல் விழும் இடத்தில் மட்டும் அருகு மெலிந்து போய்விடும். அங்கே அகல இலை உள்ள பஃபலோ புல் வையுங்கள். கொரியன், மெக்சிகன் என்ற பெயர்களில் விற்கும் மெத்தை மாதிரியான புல் கண்ணைப் பறிக்கும். ஆனால் மெதுவாகப் பரவும், தண்ணீர் நிற்பது ஆகாது. வடிகால் நன்றாக அமைந்தவர்கள் வைக்கலாம். எங்கள் வீட்டில் பாதிக்கு நாட்டு அருகுதான். விநாயகர் சதுர்த்தி காலையில் தெருவில் பாதிப் பேர் எங்கள் கேட்டைத் தட்டுவார்கள், அது வேறு கதை.

ஊன்றுவதா, அடுக்குவதா

சதுரமாக வாங்கி அடுக்கினால் அன்றைக்கே பச்சை. ஆனால் நர்சரிக்காரர்கள் பெரும்பாலும் பாலிதீன் தாள் மேல் செம்மண் பரப்பித்தான் அதை வளர்க்கிறார்கள். களி மேல் அடுக்கும்போது மறுபடி இரண்டு மண் சேராத அதே சிக்கல். அதனால் களிமண்ணுக்கு நான் சொல்வது ஊன்றுவதைத்தான். முதல் நாளிலிருந்தே வேர் உங்கள் மண்ணில் இறங்கும், செலவும் சில பங்குதான். ஒரு சதுர அடிப் புல்லைப் பிரித்தால் எட்டுப் பத்துச் சதுர அடிக்கு வரும். இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாகப் பிரித்து, நான்கு அங்குல இடைவெளியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, கட்டை விரலால் அழுத்துங்கள். ஊன்றும்போது மண்ணில் நிற்காமல் பலகை போட்டு அதன் மேல் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். ஆடியில் ஊன்றிய அருகு எட்டுப் பத்து வாரத்தில் மூடிவிடும்.

அடுக்கித்தான் ஆக வேண்டும், வீட்டில் விசேஷம் இருக்கிறது என்றால், மண் மெல்லிசாக உள்ள துண்டாகப் பார்த்து வாங்குங்கள். அடிமண்ணை உதறி, வேர் தெரியும்படி வையுங்கள். அடுக்குவதற்கு முன் தரையை அரை அங்குலம் கீறிவிடுங்கள். செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாற்றி மாற்றி வரட்டும். லாரியில் வந்த அன்றே முடித்துவிடுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு நாள் கிடந்தால் உள்ளே சூடேறி வெந்துவிடும்.

தண்ணீர் விடுதல்

முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் லேசாக, மேல் அங்குலம் காயாத அளவுக்கு. புல்லைப் பிடித்து இழுத்தால் எதிர்த்து நிற்கிறதா? அப்படியானால் நிறுத்தி நிறுத்தி, ஆழமாக விடுவதற்கு மாறுங்கள். களி மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் உள்வாங்கும். ஹோஸைத் திறந்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனால் பாதித் தண்ணீர் ரோட்டில் ஓடும். பத்து நிமிஷம் விட்டு, அரை மணி நிறுத்தி, மறுபடி பத்து நிமிஷம். ஸ்பிரிங்க்ளர் போடுகிறவர்கள் நடுவில் ஒரு டிபன் பாக்ஸை வைத்து எவ்வளவு சேர்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். வேர் பிடித்த புல்லுக்கு வெயில் காலத்தில் வாரம் ஒரு அங்குலம் போதும். ஆயிரம் சதுர அடிக்கு அது சுமார் 2,360 லிட்டர், ஆயிரம் லிட்டர் டேங்க் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. இதற்கு மேட்டூர்க் குடிநீரைத் திறந்துவிட எனக்கு மனசு வராது.

துணி துவைக்கிற மெஷின் தண்ணீரைப் புல்லுக்கு விடலாமா என்று கேட்பார்கள். செம்மண்ணில் சமாளிக்கலாம். களியில் வேண்டாம். சோப்புத்தூளில் இருக்கிற சோடியம் மண்ணை மறுபடி சேறாக்கிவிடும். ஆர்.ஓ. கழிவுநீரையும் நாள்தோறும் விடாதீர்கள், உப்பு சேரும்.

முதல் வெட்டும் உரமும்

புல் மூன்று அங்குலம் வந்ததும் இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேடு கூராக இருக்கட்டும், மண் காய்ந்திருக்கட்டும். ஈரத்தில் மெஷின் உருண்ட தடம் களியில் அப்படியே நின்றுவிடும். ஊன்றிய ஆறாவது வாரம் யூரியா அரை கிலோவை ஆயிரம் சதுர அடிக்குச் சமமாகத் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். அடுத்த மாதம் இன்னொரு அரை கிலோ. ஐப்பசி மழையில் உரம் போடாதீர்கள்.

ஏற்காட்டில் வீடு உள்ளவர்களுக்கு

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கதை தலைகீழ். அங்கே மண் அமிலப் பக்கம் சாயும், மழை அதிகம், சரிவும் அதிகம். ஜிப்சத்துக்குப் பதில் காபித் தோட்டக்காரர்கள் போடுவது போலச் சுண்ணாம்பு. டோலமைட்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அளவை மண் பரிசோதனை சொல்லும். அங்கே கவலை தண்ணீர் தேங்குவது அல்ல, மண்ணோடு சேர்ந்து ஓடுவது. சரிவில் குறுக்காக ஊன்றுங்கள், செங்குத்தான இடத்தில் சதுரப் புல்லை மூங்கில் குச்சி அடித்து நிறுத்துங்கள். சில்வர் ஓக் நிழலில் அருகு வராது.

அடுத்த வருஷம் முதல்

பங்குனி, சித்திரையில் களி வெடிக்கும். பயப்பட வேண்டாம். சலித்த எருவை வெடிப்புக்குள் தள்ளுங்கள். வெடிப்பு உங்களுக்காக மண்ணைத் திறந்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் ஒருமுறை, ஆடி மழை நனைத்துப் பதம் வந்ததும், உள்ளீடற்ற குழாய்ப் பல் உள்ள கருவியால் மூன்று அங்குல ஆழத்துக்கு மண்குச்சிகளை உருவி எடுங்கள். வெறும் ஆணி குத்துவது களியில் துளையின் சுவரை மெழுகிவிடும், பலன் இல்லை. குழாய்ப் பல் கருவி கிடைக்காவிட்டால் அரை அங்குல ஜிஐ குழாயைச் சாய்வாக அறுத்து, குறுக்கே கைப்பிடி பற்றவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். எடுத்த குச்சிகளை வாரி அப்புறப்படுத்தி, சலித்த எருவும் பருமணலும் பாதிக்குப் பாதி கலந்து துளைகளில் விழும்படி துடைப்பத்தால் பெருக்கி விடுங்கள். மணலுக்குக் களிமண் புல்தரையில் இடம் இருக்கிறது என்றால் அந்தத் துளைக்குள் மட்டும்தான்.